இடது முன்சக்கரம்

பழைய வண்டிக்கு பிரேக் பார்க்கிறவன் முதலில் பார்க்க வேண்டியது பிரேக்கை இல்லை மேடம், வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவரின் வலதுகால் செருப்பை. முன்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அவர் பெடல்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர். பாதிக் கோளாறு அவர் காலில் இருக்கிறது. குதிகால் தேய்ந்திருந்தால் பதறாமல் ஓட்டுகிறவர். அப்படிப்பட்டவர் பெடல் சரியில்லை என்று சொன்னால் வண்டியைத்தான் பார்க்க வேண்டும். அரங்கநாதன் ஐயாவின் செருப்பு குதிகால் தேய்ந்த செருப்பு. அதனால் போன மாதம் பெடலைப் பற்றி அவர் சொன்னதை நான் அன்றைக்கே நம்பினேன்.

டீ வேண்டாம். தண்ணீர் போதும்.

என் பெயர் சேரன். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் பிரேக் ஷெட் வைத்திருக்கிறேன். இன்ஜின், டிங்கரிங், பெயின்ட் எதையும் தொடமாட்டேன். பிரேக் மட்டும்தான். அதற்கு முன்னால் விழுப்புரத்தில் இருந்தேன். அங்கே என் ஷெட்டுக்கு லாரிக்காரர்கள் திருச்சியிலிருந்துகூட வருவார்கள். நான் கை வைத்த வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் என்று ஒரு பேர் இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. நீங்கள் இந்த ஸ்டேஷனுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

அரங்கநாதன் விழுப்புரத்துக்காரர். ஊரை ஒட்டிக் கரும்பு, நெல், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எல்லாம் இருக்கிறது. பரம்பரை நிலம். நல்ல உயரம், வேட்டி கட்டிக்கொண்டு நின்றால் கடைவாசலே மறைந்துவிடும். அவரிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அப்போதே அது பழசு. அதற்கு பிரேக் வேலை செய்தது நான்தான். பேட், ஆயில் எல்லாம் மாற்றிக் கொடுத்தேன். அவரே ஓட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கு அடுத்த வாரம் அந்தக் கார் என் மகள் அமலாமேல் ஏறியது. பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். ஒன்பதாவதோ பத்தாவதோ படித்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்திலேயே போய்விட்டாள்.

அரங்கநாதன் நேராக ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் ஓட்டினேன், பிரேக் பிடிக்கவில்லை, போன வாரம்தான் சேரனிடம் வேலைக்கு விட்டிருந்தேன் என்று சொன்னார்.

மேடம், பிரேக் பிடிக்கவில்லை என்பது நம் ஊரில் ரொம்ப சுலபமாகச் சொல்கிற வார்த்தை. தூங்கிப்போனவன் சொல்வான், போன் பேசினவன் சொல்வான், குடித்தவன் சொல்வான். வண்டி நசுங்கிக் கிடக்கும், யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள். ஆனால் நான் அந்த ரோட்டைப் பார்த்தேன். அமலாவை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போன பிறகு எல்லோரும் அவள் பின்னாலேயே ஓடினார்கள். நான் கொஞ்சம் பின்தங்கி ரோட்டைப் பார்த்தேன். தாரில் இரண்டு கறுப்புக் கோடு. நீளமாக, நேராக, ஒரே அளவில். நாலு சக்கரமும் கப்பென்று பிடித்து இழுத்துக்கொண்டு போனால்தான் அப்படிக் கோடு விழும். பிரேக் இல்லாத வண்டி கோடு போடாது. என் பிரேக் பிடித்திருக்கிறது. நன்றாகப் பிடித்திருக்கிறது. ஓட்டியவன்தான் நேரம் கழித்து மிதித்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் மழை பெய்தது. கோடு போய்விட்டது.

மறுநாள் ஸ்டேஷன் வாசலில் அந்தக் காரை வைத்திருந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டிரைவர் சீட் முழுசாக முன்னால் இழுத்துப் போட்டிருந்தது. அரங்கநாதன் உயரத்துக்கு அதில் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். அவருக்கு ஒரே மகன், பூவரசன். அப்போது பிளஸ் டூ, லைசென்ஸ் இல்லை, குட்டையான பையன். யார் ஓட்டியது என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அப்போதிருந்த அதிகாரியிடம் இரண்டையும் சொன்னேன். பெண்ணைப் பறிகொடுத்தவன் எதையாவது பேசத்தான் செய்வான் என்று தோளில் தட்டி அனுப்பினார். நல்ல மனிதர்தான்.

அடக்கத்துக்கு அரங்கநாதன் வந்தார். மாலை போட்டார். அவ்வளவோடு போயிருந்தால் விஷயம் வேறு. திரும்பி, எங்கள் தெருவே நிற்கும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சேரா, நீ வேலைய ஒழுங்கா பாத்திருந்தா இந்தப் பொண்ணு இன்னிக்கு பள்ளிக்கூடம் போயிருக்கும்டா. ஒன்ன குத்தம் சொல்லி இனிமே இன்னா ஆவப்போவுது."

என் மனைவி இருதயமேரி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்தக் காருக்கு நீதான பிரேக் போட்ட?" நான் கோட்டைப் பற்றிச் சொன்னேன், சீட்டைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் கோட்டக்குப்பத்தில் இருக்கிற அவள் தங்கை வீட்டுக்குப் போனாள். வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது, அங்கேயே இருந்துவிட்டாள்.

விழுப்புரத்தில் என் ஷெட்டுக்கு வண்டி வருவது நின்றது. சொந்தப் பெண்ணையே காவு கொடுத்த மெக்கானிக் என்று டீக்கடையில் அடையாளம் சொன்னார்கள். ரிவர்ஸ் எடுக்கிற லாரிக்காரன்கூட என்னைப் பார்த்தால் நிறுத்தி இன்னொரு முறை மிதித்துப் பார்ப்பான். இதெல்லாம் பத்துப் பன்னிரண்டு வருஷக் கதை. திண்டிவனத்துக்கு வந்து, ஒரு டிராக்டர், ஒரு ஆட்டோ என்று முதலிலிருந்து ஆரம்பித்துத் திரும்பவும் ஒரு பேர் எடுத்தேன். எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது.

இந்த வருஷங்களில் நான் அரங்கநாதனைத் தேடிப் போகவில்லை. கத்தியோடு அலையவில்லை. ஒருமுறைகூட யாரிடமும் அவரைத் திட்டவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. வேலை இல்லாத மத்தியானங்களில் உட்கார்ந்து யோசிப்பேன். அவர் செத்துப்போனால் எனக்கு என்ன லாபம் என்று கேட்டுக்கொள்வேன். ஒன்றும் இல்லை. அவர் இருக்க வேண்டும், நான் இருக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். தன் கையால், தன் வாயால் தன் பிள்ளை போனது என்று நினைத்துக்கொண்டு சோறு தின்ன வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கு இப்போதும் படுகிறது.

போன மாதம் ஒருநாள் காலையில் அந்த வெள்ளைக் கார் என் ஷெட் வாசலில் வந்து நின்றது. விற்கவே இல்லை அவர். விற்றால் ஏதோ ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று வைத்திருந்தாரோ என்னவோ. அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். முதுகு வளைந்திருந்தது. வாசல் மறையவில்லை.

"இன்னா சேரா, ஞாபகம் இருக்குதா?"

"ஒக்காருங்கய்யா," என்றேன்.

உட்கார்ந்தார். அமலாவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மூச்சு வாங்கிவிட்டு வண்டியைப் பற்றிச் சொன்னார்.

"பெரிய பேஜாரா இருக்குதுப்பா. வூட்லேந்து எடுக்கும்போது பிரேக்கு நல்லா இருக்குது. விக்கிரவாண்டி டோல்கேட்டு தாண்டறதுக்குள்ள பெடலு எறங்கிப் போவுது. நிறுத்திட்டு மறுநாளு எடுத்தா ஒண்ணுமே இல்ல. விழுப்புரத்துல ரெண்டு மூணு பேரு பாத்துட்டானுங்க, ஒருத்தனுக்கும் புடிபடல. ஒனக்குத்தான் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாருங்கய்யா?"

"எல்லாருந்தாம்ப்பா."

எனக்கு அது நன்றாக இருந்தது மேடம். மறைக்க மாட்டேன். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததும் நான் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பேன், வெட்கமாக இருந்தது.

எதற்கு அவசரம் என்று கேட்டேன். பூவரசன் பெங்களூரில் வேலையாக இருக்கிறான், லீவில் வந்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மரக்காணத்தில் மாமியார் வீட்டுக்குப் போகிறான் என்றார். "அவன் வண்டி சர்வீசுக்குப் போயிருக்குது. இத எடுத்துக்கறேன்றான். எனக்கு மனசு ஒப்பல. நீ பாத்து சரின்னு சொன்னா குடுப்பேன், இல்லன்னா பஸ்ல போவட்டும்."

எதிரே டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு வண்டிக்கு வந்தேன். நாலு சக்கரத்திலும் உள்ளங்கையை வைத்தேன். மூன்று சக்கரம் இளஞ்சூடு. இடது முன்சக்கரத்தில் கை வைக்க முடியவில்லை. கருகின வாசனை. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுற்றினேன், சக்கரம் இறுக்கமாக நின்றது. ஆயில் எடுக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன். பீச்சிக்கொண்டு ஆயில் வந்தது, சக்கரம் லேசாகச் சுற்றியது. திரும்ப இறுக்கினேன். அவ்வளவுதான். விழுப்புரத்துக்காரர்களுக்குப் பிடிபடாதது எனக்கு அவர் டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் பிடிபட்டுவிட்டது.

அந்தச் சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதிப்போயிருந்தது. வெளியே பார்த்தால் நல்ல ஹோஸ் மாதிரி இருக்கும். மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. பிரேக் பாதி பிடித்தபடியே சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும். ஓட ஓடச் சூடு ஏறும். உள்ளே இருந்த ஆயில் வேறு காப்பி டிகாஷன் மாதிரி கறுத்து, தண்ணீர் ஏறிப்போன ஆயில். அந்தச் சூட்டில் அது கொதிக்கும், குமிழி கட்டும். அப்புறம் பெடலை மிதித்தால் கால் தரைக்குப் போகும், வண்டி தன் பாட்டுக்குப் போகும். ஆறிவிட்டால் குமிழி அடங்கி பிரேக் பழையபடி வந்துவிடும். அதனால்தான் ஒருவருக்கும் புரியவில்லை.

மாற்றுகிற ஹோஸ் என் அலமாரியிலேயே இருந்தது. மத்தியானத்துக்குள் முடித்திருக்கலாம்.

ஜாக்கியை இறக்கினேன். பின்சீட்டில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் கிடந்தது, மூடியில் முயல் காது வைத்தது. அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லலாம், ஆனால் உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பிறகு நானும் டீக்கடைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி ஆற வேண்டும் இல்லையா. மல்லாட்டைக் காய்ப்பு எப்படி என்று விசாரித்தேன். பூச்சி விழுந்துவிட்டது என்றார். லட்சுமியம்மாளுக்கு முழங்கால் வலி என்றார், அது அவர் சம்சாரம். அமலா இருந்தால் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும் என்று நான் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். "அதெல்லாம் பேசாத சேரா, மனசு கஷ்டமா இருக்குது," என்றார். அவருக்கு மனசு கஷ்டம். சரி என்று விட்டுவிட்டேன்.

சக்கரம் நன்றாக ஆறினதும் சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"பெருசா ஒண்ணும் இல்லீங்கய்யா. பழைய வண்டி, பெடலு கொஞ்சம் அப்டி இப்டித்தான் இருக்கும். நான் சொல்லி இன்னா, நீங்களே ஓட்டிப் பாருங்க."

ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். வாசலில் வேண்டுமென்றே வேகமாக வந்து மிதித்தார். அப்படியே நின்றது. முகம் மலர்ந்துபோனது.

"கல்லு மாதிரி நிக்குதுப்பா. நான்தான் வயசாயி பயந்துக்கினு இருக்கறனா?"

"பையனுக்கு நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க," என்றேன்.

அங்கேயே போனை எடுத்தார். "பூவரசா, நானே ஓட்டிப் பாத்துட்டேன். பிரேக்கு ஜம்முனு கீது. தைரியமா எடுத்துக்கினு போ."

எனக்கு வேண்டியது அந்த வார்த்தைதான். நான் சொன்னதாக இருக்கக் கூடாது, அவர் சொன்னதாக இருக்க வேண்டும்.

திரும்பிப் போகிற வழியில் அவருக்கே ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்பீர்கள். அவர் மெதுவாக ஓட்டுகிறவர், முன்னாலேயே காலை எடுத்துவிடுவார். ஆகாது என்று கணக்குப் போட்டேன். ஆகியிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன். அவர் உயிரோடு இருப்பது எனக்கு முக்கியம்.

நான் எதையும் வெட்டவில்லை, கழற்றவில்லை. வந்தபடியே வண்டி போனது. ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லி அவர் என்னைக் கொன்றார். நான் ஒரு வார்த்தை குறைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டைத் திறக்க மாட்டேன். அன்று திறந்தேன். அவர்கள் என் வாசலைத் தாண்டித்தான் மரக்காணம் போக வேண்டும். வெயில் ஏறும் நேரத்தில் கார் வந்தது, தாண்டிப் போகவில்லை, நின்றது. பூவரசன் இறங்கி வந்தான். முகத்தைப் பார்த்தால் அப்பாவே இளசாக வந்த மாதிரி. உயரம் மட்டும் வரவில்லை.

"அண்ணே," என்றான். அந்த வீட்டிலிருந்து என்னை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பெடலு லேசா எறங்கற மாதிரி இருக்குதுண்ணே. அப்பா நல்லாருக்குதுன்னாரு. ஒரு வாட்டி பாக்கறீங்களா?"

பின்சீட்டில் அவன் மனைவி ஆர்த்தி இருந்தாள், மடியில் குழந்தை. "தண்ணி தீந்துபோச்சு, கொஞ்சம் கிடைக்குங்களா?" என்று பாட்டிலை நீட்டினாள். பானையிலிருந்து மொண்டு நிரப்பிக் கொடுத்தேன். குழந்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. திரும்பும்போது என் முழங்கால் இடது முன்சக்கரத்தின் பக்கம் வந்தது. வேட்டி வழியாகவே சூடு அடித்தது.

பூவரசன் போகாமல் நின்றான். என்னோடு ஷெட்டுக்குள் வந்தான். டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டு மெதுவாகப் பேசினான்.

"அண்ணே, ரொம்ப வருஷமா ஒங்ககிட்ட சொல்லணும்னு... அன்னிக்கு வண்டி ஓட்டினது அப்பா இல்லண்ணே. நான்."

நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன்.

"பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சுண்ணே. பாப்பா திரும்புனத நான் பாக்கல. பாத்து மிதிக்கறதுக்குள்ள... அப்பாதான் அப்டி சொல்லச் சொன்னாரு. எனக்கு அப்ப ஒண்ணும் தெரியல. இப்ப எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது. தூக்கமே வரல. என்ன மன்னிச்சிருங்கண்ணே."

குனிந்து என் காலைத் தொட வந்தான். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். கண் கலங்கி இருந்தது அவனுக்கு. நடிப்பு இல்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

இத்தனை வருஷம் இந்த வார்த்தைக்காகத்தானே காத்திருந்தாய், அது கிடைத்த பிறகாவது வண்டியை நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அந்த நேரத்தில் அதை யோசித்தேன். அவன் சொன்னது டயர் அடுக்குக்குப் பின்னால். கேட்டது நான் ஒருவன். டீக்கடையில் அன்று நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டில் நின்று, சேரன் போட்ட பிரேக் நல்ல பிரேக் என்று ஒரு தடவை எல்லோர் காதிலும் விழச் சொல்லியிருந்தால், நான் சாவியைப் பிடுங்கி வைத்திருப்பேன். சத்தியமாக வைத்திருப்பேன். அவன் கிசுகிசுத்தான்.

"வெளில வந்து சொல்றியா தம்பி?" என்று கேட்டும் பார்த்தேன்.

திரும்பிக் காரைப் பார்த்தான். "ஆர்த்திக்குத் தெரியாதுண்ணே," என்றான்.

சரி என்றேன். "பழைய வண்டி. ரெண்டு வாட்டி மிதிச்சா புடிக்கும். ஜல்தியா போங்க, வெயில்ல கொழந்த வாடுது."

கார் பெருமுக்கல் பக்கம் திரும்பி மறைகிறவரை நின்று பார்த்துவிட்டு ஷெட்டைப் பூட்டினேன்.

பெருமுக்கல் தாண்டினதும் ஏரிக்கரைமேல் ஒரு வளைவு வரும். எதிரே ஆட்டு மந்தை ஏறிக்கொண்டிருந்ததாம். செய்தி வந்ததும் நான் பைக்கில் போனேன். கார் கரையிலிருந்து உருண்டு மதகுக்குப் பக்கத்தில் தண்ணீரில் கிடந்தது. ஆட்கள் இறங்கி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்த்தியை மேலே கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். "மிதிக்கறேன் மிதிக்கறேன்னாரே, புடிக்கலன்னாரே," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு பேரையும் பிறகுதான் எடுத்தார்கள்.

நான் ரோட்டைப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை.

குழந்தையின் பெயர் இசைவாணி என்று மறுநாள் பேப்பரில்தான் பார்த்தேன். அது இறங்கி என் ஷெட்டில் விளையாடியிருந்தால் எனக்கும் மனசு மாறியிருக்குமோ என்னவோ. அது இறங்கவில்லை.

விழுப்புரத்துக்குப் போய் மாலை போட்டேன். அரங்கநாதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யார் வந்ததும் தெரியவில்லை, யார் அழுவதும் காதில் விழவில்லை. வலதுகால் மட்டும் தரையில் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. பெடலை மிதிக்கிற மாதிரி. நான் எதிரே நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். அவர் எனக்குச் சொன்ன மாதிரி நான் அவருக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தேவையே இருக்கவில்லை. "நான்தான் ஓட்டிப் பாத்து குடுத்தேன், நான்தான் குடுத்தேன்," என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். உங்களிடமும் அப்படித்தான் சொன்னாராம், மெக்கானிக்மேல் தப்பில்லை என்று. அன்றைக்கு ராத்திரி நான் வயிறாரச் சாப்பிட்டேன். அமலா போன பிறகு அப்படி ருசித்துச் சாப்பிட்டது இல்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

வண்டியைப் பரிசோதித்த அதிகாரி ஹோஸைக் கண்டுபிடித்துவிட்டார். கெட்டிக்காரர். நீங்கள் என்னைக் கூப்பிட்டனுப்பி அவர் சொன்னதைப் படித்துக் காட்டினீர்கள். பழுதைக் கண்டறியத் தவறிய மெக்கானிக்கின் கவனக்குறைவு. எனக்கு வேண்டிய வக்கீல் ஒருவர், இது சின்ன விஷயம் சேரா, ஜாமீனில் வந்துவிடலாம், தெரியவில்லை என்று மட்டும் சொல்லு, முடிந்தது என்றார். மறுநாள் பேப்பரிலும் வந்துவிட்டது, என் பேரோடு, ஊரோடு.

அன்று மத்தியானம் இருதயமேரி போன் செய்தாள். அமலா போன பிறகு அவளாக என்னைக் கூப்பிட்டது இல்லை. குரல் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"மறுபடியுமா?"

"இல்ல மேரி," என்றேன். "எனக்குத் தெரியும். பாத்தவொடனே கண்டுபுடிச்சிட்டேன். தெரிஞ்சேதான் அனுப்பினேன்."

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "சேசுவே," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் கழித்துத் தன் புருஷன் வேலை தெரிந்தவன் என்று தெரிந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அதனால்தான் வந்தேன். என்ன செக்‌ஷன் போட வேண்டுமோ போடுங்கள், கொலை என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்ற அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். இடது முன்சக்கரத்து ஹோஸ் என்று சேரன் சரியாகக் கண்டுபிடித்தான், அதை முதல் வரியில் எழுதுங்கள். அமலா விஷயத்தை, இடம் இருந்தால், கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.